சராசரிக்குள் அகப்படாத பிள்ளைகள்

மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இலங்கைக்கு எப்போதும் நல்ல பெயர். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி 0.780 புள்ளிகளோடு 78ஆம் இடம். இந்தியா 134ஆம் இடம். பொருளாதாரம் நொறுங்கிய ஆண்டிலும் அந்த உயரம் நிலைத்ததற்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் காரணம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தப் பெருமையோடு மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் திரும்பினால் மனம் கசக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். தோட்டத்தில் வாழ்வோர் நாட்டில் நூற்றுக்கு நான்கு பேர் அளவுதான். அவர்கள் பிள்ளைகளில் மூன்றிலொன்று குன்றிப்போனாலும் நாட்டின் சராசரி பெரிதாக அசையாது.

தோட்டம் ஏதோ மெதுவாக நடந்து பின்தங்கியதுபோலப் பேசுவோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். சட்டம் போட்டுத்தான் வெளியே நிறுத்தினார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை அந்த உரிமை இல்லாதவர்களாக்கியது. அதோடு வாக்கும் போயிற்று. 1947இல் பாராளுமன்றத்துக்குத் தம் ஆட்களை அனுப்பிய மக்களுக்கு 1952இல் ஒருவரும் இல்லை. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கில் வென்று உள்ளே போனது 1977இல். வாக்கில்லாத அந்த இடைக்காலம்தான் கிராமத்துக்குப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் வந்த காலம். வாக்குக் கேட்டு வருகிறவனிடம் கிராமத்தவன் பாலம் கேட்டான், டாக்டரைக் கேட்டான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு யார் வந்தார்கள்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை எழுபதுகளில்தான் சூடுபிடித்தது. கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக்கு அப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்தக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் காசு கொடுத்ததில் தேயிலை ஏற்றுமதிக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

மாற்றம் இல்லாமலில்லை. இன்று மலையகத்திலிருந்து ஆசிரியர்கள், டாக்டர்கள், சட்டத்தரணிகள் வருகிறார்கள். பிரஜாவுரிமை இல்லாமல் எஞ்சியிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்தது. ஆனால் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு, கேட்ட நிறை வராத நாளில் இன்னும் அரைப்பேர்தான். அந்த அரை நாள் சம்பளத்தில் முட்டையும் பாலும் எப்படி வாங்குவாள்? பச்சைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலையேறுகிறவள், பால் கொடுக்க எத்தனை முறை இறங்கி வருவாள்?

சம்பளப் பேச்சு மீண்டும் மீண்டும் நடக்கிறது, நடக்கட்டும். பிள்ளைமடுவத்தில் அரசு பொறுப்பில் தினமும் ஒரு வேளை சத்தான சாப்பாடு போடுவதற்கு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லயத்தை விட்டு வெளியேற வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சும் பழையது. காணியை அளந்து, உறுதிப் பத்திரத்தை அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது நாட்டின் இடத்தை நான் முதலில் தேடமாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளின் உயரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதைத்தான் புரட்டுவேன்.