நீர்க்கரையில் எமக்கும் இடமுண்டு

கோடை பிறந்துவிட்டால் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் எமது குடும்பங்களைக் காண்பது இப்போது வழமையாகிவிட்டது. சிம்கோ ஏரி, ஸ்கூகொக் ஏரி, றைஸ் ஏரி என்று பெயரைச் சொன்னாலே எங்கே வாகனத்தை நிறுத்தலாம், எந்தப் பாலத்தடியில் மீன் படும் என்று சொல்லக்கூடியோர் எம்மிடையே பலர் உள்ளனர். ஆயினும், மீன்பிடித்தலை வேலையற்றோர் பொழுதுபோக்கென இகழ்வோரும், அகப்பட்டதையெல்லாம் அள்ளிவரும் வேட்டையெனக் கருதுவோரும் எம்மிடையே இல்லாமலில்லை. இவ்விரு எண்ணங்களும் தவறானவை என்பதே எமது கருத்து. தூண்டில் இந்நாட்டில் எமக்குள்ள ஓர் உரிமை. அதை அறிவோடு பயன்படுத்துவோரே அதனைத் தம் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வர்.

இந்த உரிமையின் பெறுமதியை எம்மைவிட நன்கறிந்தவர் யார்? போர் நடந்த காலத்தில் எமது தாயகக் கடல் எமது மீனவருக்கே மூடப்பட்டுக் கிடந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம், எந்த நேரத்தில் செல்லலாம் என்பதையெல்லாம் படையினரே தீர்மானித்தனர். கடலுக்குச் சென்று திரும்பாதோர் பலர். அக்காலத்துக்கு முன்னரும், மீனை விரும்பி உண்ட எமது சமூகம் அதைப் பிடித்தவரைச் சாதி சொல்லித் தள்ளியே வைத்திருந்தது. இங்கே மருத்துவரும் தொழிற்சாலைத் தொழிலாளியும் ஒரே பாலத்தில் தோளோடு தோள் நின்று தூண்டில் வீசுகின்றனர். இந்தச் சமத்துவத்தை எமது பிள்ளைகள் கண்ணால் காண்பது நன்று.

இந்நாட்டுத் தூண்டில்காரர் பெரிதும் விரும்பித் தேடுவது பாஸ் என்னும் நன்னீர் மீனையே. இதில் இருவகை உண்டு. பெருவாய்ப் பாஸ் நீர்ச்செடிகளும் அல்லி இலைகளும் மண்டிய ஆழங்குறைந்த இடங்களிலும், படகுத்துறைகளின் நிழலிலும் பதுங்கியிருக்கும். சிறுவாய்ப் பாஸ் கல்லும் பாறையும் நிறைந்த தெளிந்த நீரை நாடும். நன்னீர் இறால் போன்ற நண்டினம் ஒன்றே அதற்கு விருப்பமான இரை. இரண்டுமே ஒளிந்திருந்து பாயும் இயல்பின. எனவே, இம்மீனைப் பிடிக்க விரும்புபவர் முதலில் கற்கவேண்டியது தூண்டில் வீசுவதையன்று, நீரைப் பார்ப்பதையே. நிழல் எங்கே விழுகிறது, செடி எங்கே முடிகிறது, ஆழம் எங்கே தொடங்குகிறது என்று அறிந்தவருக்கே மீன் படும்.

கருவிகளைப் பற்றி எமது மக்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். கடைகளில் நூற்றுக்கணக்கான டொலர் பெறுமதியான தடிகளும் மின்னும் பொய் இரைகளும் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுட் பல மீனைவிட மனிதரைப் பிடிக்கவே செய்யப்பட்டவை. ஆறரை அடி நீளமான நடுத்தரத் தடி ஒன்று, அதற்கேற்ற றீல் ஒன்று, எட்டுப் பத்து இறாத்தல் தாங்கும் தங்கூசி, சில தூண்டில் முட்கள், ஒரு பொதி மென்பிளாஸ்டிக் புழுக்கள் என்பன தொடக்கத்துக்குப் போதும். பெருவாய்ப் பாஸ் மீனின் உலக சாதனையை 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நிலைநாட்டியவர் ஜோர்ஜ் பெரி என்னும் ஏழை விவசாய இளைஞர். உலகப் பொருளாதார மந்த காலம் அது. 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள அந்த மீனை நிறுத்துப் பதிந்தபின் வீட்டார் சமைத்து உண்டனர். விலையுயர்ந்த கருவிகளோடு எத்தனையோ பேர் முயன்றும் அச்சாதனையை எவரும் தெளிவாக விஞ்சவில்லை. 2009ஆம் ஆண்டு யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிற்றா பிடித்த மீன் அதற்குச் சமமானதாகவே ஏற்கப்பட்டது.

முறையும் எளிதே. செடிகள் அடர்ந்த இடத்தில் வெறும் முள்ளை வீசினால் அது செடியில் சிக்கும். அதற்காகவே முள்ளின் கூரை மென்புழுவின் உடலுக்குள் மறைத்து, தங்கூசியில் வழுக்கியோடும் கூம்பு வடிவக் குண்டை முன்னே கோர்க்கும் முறையை இங்குள்ளோர் கையாள்கின்றனர். இதனை ரெக்சஸ் முறை என்பர். புழுவை நடுவில் குத்திக் குண்டின்றி மெல்ல அமிழவிடுவது மற்றொரு முறை. படகுத்துறை நிழலுக்கு அது பொருந்தும். விடியலும் அந்தியும் ஏற்ற வேளைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது பொறுமை. இரவு வேலையும் பகல் வேலையுமாக ஓடும் எமக்கு அது அரிய பொருளாகிவிட்டது.

இனி, பருவம் பற்றிய செய்தி. பாஸ் மீனைக் குறித்து ஒன்றை மட்டும் எமது வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாயின், அது இதுவாக இருக்கட்டும். வசந்தத்தின் பிற்பகுதியில் நீர் 15 பாகை செல்சியசையும் தாண்டி வெப்பமடைந்ததும் ஆண் மீன் கரையோரத்தில் வாலால் கூட்டிக் குழியமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சில வாரங்கள் காப்பது தந்தை மீனே. அந்நாட்களில் அது இரைதேடிச் செல்வது குறைவு. அருகே வரும் எதையும் பாய்ந்து கடிக்கும். ஆகையால் அதனைப் பிடிப்பதும் மிக எளிது. ஆனால் அதனை ஒருமுறை தூக்கிவிட்டால், காத்துநிற்கும் சிறு மீன்கள் சில நிமிடங்களுக்குள் கூட்டை வெறுமையாக்கிவிடும். திருப்பி விட்டாலும், களைத்த மீன் கூட்டைக் கைவிடுவதுண்டு.

இதனாலேயே தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் ஜூன் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையளவில்தான் பாஸ் பருவம் திறக்கிறது. பருவத்துக்கு முன் "பிடித்து விட்டுவிடுவோம்" என்று அதனைத் தேடிச் செல்வதும் குற்றமே. மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வலயத்துக்கு வலயம், சில வேளைகளில் ஏரிக்கு ஏரியும், விதி வேறுபடும். சிம்கோ ஏரி ஒரு வலயத்தில், ஸ்கூகொக் ஏரி வேறொரு வலயத்தில் உள்ளது. 18 முதல் 64 வயது வரையுள்ளோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். முழு அனுமதியுள்ளவர் பொதுவாக ஆறு பாஸ் மீன்களையும், பாதுகாப்பு அனுமதியுள்ளவர் இரண்டையுமே வைத்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் ஒருவருக்கு ஒரு தூண்டிலே அனுமதி. ஆளுக்கு மூன்று தடிகளைக் கரையில் நட்டுவைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித் தொகுப்பை, வீட்டில் ஆங்கிலம் கற்ற பிள்ளையைக் கொண்டு ஒருமுறை வாசிப்பித்தால் தண்டப்பணமும் அவமானமும் தவிரும்.

இவ்விடத்தில் கசப்பான வரலாறு ஒன்றையும் கூறாதிருக்க முடியாது. 2007ஆம் ஆண்டு இதே மாகாணத்தின் ஏரிக்கரைகளில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசியக் கனடியர் மீது தொடர்ச்சியாகத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. இனவசை கூறி, கருவிகளை உடைத்து, மனிதரை நீருக்குள் தள்ளினர். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணை நடத்தி, அச்சமின்றி மீன்பிடித்தல் என்ற பொருள்படும் தலைப்பில் 2008இல் அறிக்கை வெளியிட்டது. இவற்றை விளையாட்டுத்தனமாக ஒதுக்காமல் இனவெறுப்பின் வெளிப்பாடாகவே அது நோக்கியது. புதிதாக வந்தோர் விதிகளை மீறுகின்றனர் என்ற பேச்சும் அக்காலத்தில் எழுந்தது.

எமது நிலைப்பாடு தெளிவானது. விதியை மீறியவரைக் கேட்கும் அதிகாரம் மீன்வளப் பாதுகாப்பு அலுவலருக்கே உண்டு. தடியோடு வரும் வழிப்போக்கருக்கு இல்லை. நாம் ஒழுங்காக நடப்பது எவருடைய அடிக்கும் அஞ்சியன்று. விதிமீறல் ஒருபோதும் தாக்குதலை நியாயமாக்காது. அதேவேளை, எம்மைத் தாக்குவோர் தவறுடையோர் என்பதால் எமது தவறுகள் இல்லாமற் போய்விடுவதுமில்லை. குஞ்சு காக்கும் மீனுக்குப் பிடித்தவரின் தோல் நிறம் தெரியாது. ஆகவே, அச்சுறுத்தப்பட்டால் வாக்குவாதம் செய்யாது விலகி 911ஐ அழையுங்கள். நடந்ததை எழுதி வைத்து முறையிடுங்கள். "எதற்கு வில்லங்கம்" என்று வாய்மூடி வீடு திரும்பும் எமது பழக்கம், அடுத்த வாரம் அதே கரைக்கு வரும் இன்னொரு குடும்பத்தையே பாதிக்கும்.

பிடித்த மீனை உண்பது பற்றியும் சில சொற்கள். 1972இல் அமெரிக்காவில் பாஸ் போட்டிகளை நடத்திவந்த றே ஸ்கொற், மீனை உயிருடன் திருப்பி விடும் முறையைத் தம் போட்டிகளில் புகுத்தினார். இன்று பலர் அதனை ஓர் ஒழுக்கமாகவே பின்பற்றுகின்றனர். எம்மவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். உண்பதற்கே மீன் என்று வளர்ந்தவர் நாம். அளவுக்குள் பிடித்து உண்பதில் தவறேதுமில்லை. ஆனால் சட்டிக்குச் சிறியதே உகந்தது. பெரிய மீன் வயது முதிர்ந்தது, அதன் தசையில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எவ்வளவு புளியும் தூளும் போட்டு அவித்தாலும் பாதரசம் போகாது. எந்த ஏரியில் எந்த மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. கருவுற்ற பெண்களும் சிறுவரும் உள்ள வீடுகளில் அதைப் பார்த்தே சமைக்க வேண்டும். பெரிய மீனை நனைந்த கையால் ஏந்தி விரைவில் நீரில் விட்டால், அது மறுவருடமும் இனம் பெருக்கும்.

ஈயக்குண்டுகளைப் பற்றியும் சிந்திப்போம். ஒரு டொலர் நாணயத்தில் நாம் நாள்தோறும் காணும் லூன் என்னும் நீர்ப்பறவை, அறுந்து கிடக்கும் சிறு ஈயக்குண்டை விழுங்கி நஞ்சேறி மடிகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகள் 1997 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. வெள்ளீயத்திலும் உருக்கிலும் செய்த குண்டுகள் கடைகளில் உண்டு. அறுந்த தங்கூசியையும் கரையில் விட்டு வராதீர்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது உயிர்க்கவசம். எம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் அதனை அணிந்திருக்க வேண்டும்; இருக்கைக்கடியில் வைத்திருப்பதால் பயனில்லை.

அனுமதிப்பத்திரம் வாங்க இயலாதோர்க்கும் வழியுண்டு. குடும்ப தினம், அன்னையர் தினம், தந்தையர் தினம் ஆகியவற்றை ஒட்டிய வார இறுதிகளிலும் கோடையில் ஒரு வாரமும், கனடாவில் வசிப்போர் அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மீன்பிடிக்கலாம். அந்நாட்களில் பாதுகாப்பு அனுமதிக்குரிய குறைந்த அளவே பொருந்தும். பாஸ் பருவம் திறக்கும் ஜூன் மாதச் சனிக்கிழமை பெரும்பாலான ஆண்டுகளில் தந்தையர் தினத்துக்கு முதல் நாளாகவே அமைகிறது. இரண்டு வேலை செய்து பிள்ளையின் முகத்தைத் தூக்கத்திலேயே பார்க்கும் தந்தையருக்கு இதைவிட நல்ல நாள் வேண்டுமா? அன்று ஒரு தடியையும் விதித் தொகுப்பையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு கரைக்குச் செல்லுங்கள். மீன் படாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து மணிநேரம் ஒரே நீரைப் பார்த்தபடி அருகருகே இருக்கும் தந்தையும் பிள்ளையும் எதையாவது பேசியே தீர்வார்கள். அந்தப் பேச்சு தமிழில் இருக்கட்டும் என்பதே எமது வேண்டுகோள்.