நாற்றின் நுனியைக் கிள்ளலாமே!

சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் சுவரில் வந்து உட்காரும் பூச்சிகளைத் துடைப்பத்தால் அடிப்பது என் தம்பியின் வேலை. அதில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் நிறம், விரல் நகத்தளவுதான் இருக்கும். முன் இறக்கை இரண்டிலும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது பெண். ஆண் இன்னும் சின்னது, பழுப்பு நிறம், புள்ளி சரியாகத் தெரியாது. இதுதான் நெல் குருத்துப்பூச்சி. இந்தியா, இலங்கை தொடங்கி ஜப்பான் வரைக்கும் இருக்கிறது. நெல்லை விட்டால் வேறு பயிர் அதற்குப் பிடிப்பதில்லை.

போன சம்பாவில் பாகூரில் எங்கள் மாமா வயலுக்குப் போயிருந்தேன். பச்சைக் கதிர்களுக்கு நடுவே அங்கங்கே வெள்ளை வெள்ளையாக நின்றது. "அழகா இருக்கு மாமா"ன்னு சொல்லிட்டேன். மாமா பதில் பேசாமல் ஒரு வெள்ளைக் கதிரை இழுத்தார். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. முழுக்கப் பதர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே மாமா கடனுக்கு மருந்து வாங்கி அடித்தார். மாமா கோபித்தாலும் சொல்கிறேன், அந்தப் பணம் வீண். புழு தண்டுக்குள்ளே உட்கார்ந்து தின்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதற்கு எப்படிப் போய்ச் சேரும்? வெளுத்த கதிர் திரும்பப் பால் பிடிக்கவும் பிடிக்காது. பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற சிலந்தியும் தட்டானும்தான் செத்திருக்கும்.

எங்கள் ஆயா காலத்தில் நாற்றுக் கட்டை நடுவதற்கு முன் நுனியைக் கிள்ளி எறிவார்களாம். வளர்ந்த நாற்று காற்றில் சாயாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. தாய்ப்பூச்சி இலையின் நுனிப் பக்கத்தில்தான் முட்டையிடும். ஒரு குவியலில் 15 முதல் 80 வரை இருக்கும். மேலே பழுப்பு முடியால் மூடிவிடும், பார்த்தால் அழுக்கு ஒட்டியது மாதிரி தெரியும். அதைக் கிள்ளிப் புதைத்துவிட்டால் அத்தனை புழுவும் வயலுக்கே போகாது. செலவு ஒரு பைசா இல்லை.

"கூலி யாரு கொடுக்கிறது?" என்பார்கள். நியாயம்தான். மிஷின் நடவுக்கு நாற்று ரொம்பக் குட்டை, கிள்ளவும் முடியாது. அவர்கள் டிரைக்கோகிரம்மா அட்டை கட்டலாம். அதிலிருந்து வரும் கடுகை விடச் சின்னக் குளவி, பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். ஆனால் கையால் நடுகிற வீட்டில் நம்மைப் போன்ற பிள்ளைகள் ஒரு லீவு நாளில் செய்துவிடலாமே! டிவி பார்க்கிற நேரம்தானே?

மாமாவிடம் கேட்டேன். சிரித்தார். அப்புறம், "நாத்து பறிக்கிற அன்னிக்கு தம்பியையும் கூட்டிட்டு வா"ன்னார்.