அலாரம் அடித்தால் ஆர் எழும்புவது?



கொஞ்சம் நீண்ட பதிவு. புத்தூரிலும் அயலிலும் வயது போன தாய் தகப்பனைத் தனிய விட்டிருக்கிற ஆக்களும், வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற ஆக்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

நாங்கள் இருக்கிற வீடு சொந்த வீடு இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே படிப்பிக்க வந்த காலம் தொட்டு ஒரு பழைய சுண்ணாம்புக்கல் வீட்டின் பின்பாதியில் குடும்பமாக வாடகைக்கு இருக்கிறோம். முன்பாதியில் வீட்டுக்காரரின் தாயார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி. மகன் லண்டனில். சண்டை முடிந்து சில வருடங்களில் அவர் வந்து நின்றபோது வீட்டுக்கு ஒரு வயர் அலாரம் பூட்டிவிட்டுப் போனார். கதவு யன்னல் எல்லாவற்றிலும் சின்ன வெள்ளைக் கட்டிகள், விறாந்தையில் ஆள் அசைவைப் பிடிக்கிற சென்சர், முகட்டோரத்தில் சைரன் பெட்டி. அந்த நேரம் ஒழுங்கை முழுக்க வந்து வேடிக்கை பார்த்ததாம்.

பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் புத்தளத்தில் உம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் சாமம் இரண்டு மணிபோல சைரன் அடித்திருக்கிறது. பத்து நிமிடம் கத்தி ஓய்ந்திருக்கிறது. ஒருவரும் வரவில்லை. ஆச்சி அறைக் கதவைப் பூட்டி, கட்டிலில் குந்தியபடி விடியும் வரைக்கும் இருந்திருக்கிறார். விடிந்து பார்த்தால் குசினி யன்னல் திறந்து, கம்பி ஒன்று வளைந்திருக்கிறது. சத்தத்துக்குப் பயந்து கள்ளன் ஓடியிருக்கிறான். அலாரம் தன் வேலையைச் செய்திருக்கிறது. மனிசர்தான் செய்யவில்லை.

நாங்கள் திரும்பி வந்து அயலில் கேட்டோம். ஒருவரும் ஒளித்துக் கதைக்கவில்லை. “ரீச்சர், அது கரண்ட் போகேக்கை எல்லாம் கத்திறதுதானே. எத்தினை தரம் ஓடி வந்திருப்பம்? இப்ப ஆரும் எழும்பிறேல்லை.” சொன்னவர் நல்ல மனிசர். ஆச்சிக்கு முருங்கைக்காயும் கீரையும் கொண்டுவந்து கொடுக்கிறவர். அவரில் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

லண்டனில் இருந்து அன்றைக்கே போன். “அந்தப் பழசை எல்லாம் கழட்டி எறிஞ்சுபோட்டு, வைபை கமரா நாலு போடுங்கோ ரீச்சர். நான் இஞ்சை இருந்தே பார்ப்பன்.” எங்களுக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. எலக்ரீசியன் தம்பி ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் எண்ணம் மாறியது.

பெட்டிக்குள்ளே ஒரு பற்றரி. 12 வோல்ற், 7 அம்பியர் மணி, மூடிய ஈய அமில வகை. கரண்ட் நின்றால் அலாரம் ஓடுவது அதில்தான். இந்த வகைப் பற்றரி மூன்று தொடக்கம் ஐந்து வருடம் உழைக்கும். எங்கள் வெக்கைக்கு அதிலும் குறையும். ஆச்சி வீட்டில் பூட்டிய நாளில் இருந்து ஒருவரும் மாற்றவில்லை. இரண்டு பக்கமும் ஊதி, வெடிக்கிற பதத்தில் இருந்தது.

கரண்ட் போகும்போது சைரன் கத்தியதற்கும் அதுதான் காரணம். வெளியே இருக்கிற சைரன் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்னப் பற்றரி உண்டு. கள்ளன் வயரை வெட்டினாலும் அது கத்த வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் போய், உள்ளே பெரிய பற்றரியும் செத்துக் கிடந்தால், சைரனுக்கு வருகிற மின் அடியோடு நின்றுவிடும். அது தன்னை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தும். நாங்கள் இவ்வளவு நாளும் பல்லியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். (பல்லிக்கும் பங்கு இல்லாமல் இல்லை. விறாந்தைச் சென்சருக்குள் ஒன்று குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.) ஒரு பற்றரியை நேரத்துக்கு மாற்றாததால் ஒரு ஒழுங்கையே அந்தச் சத்தத்தை நம்பாமல் விட்டுவிட்டது.

வயர்களைத் தம்பி மல்ரிமீற்றர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குசினிப் பக்கம் எலி கடித்த ஒன்றைத் தவிர மிச்சம் எல்லாம் புதுசுபோல. கதவில் இருக்கிற வெள்ளைக் கட்டி இரண்டில் ஒன்று வெறும் காந்தம், மற்றதற்குள் கண்ணாடிக் குழாயில் இரண்டு மெல்லிய உலோகத் தகடு. கதவு சாத்தியிருந்தால் தகடுகள் ஒட்டி மின் ஓடும், திறந்தால் விலகும். வயரை வெட்டினாலும் மின் நிற்கும், அலாரம் அடிக்கும். இதில் பழுதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. 1853இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் மின்சாரக் கள்ளர் அலாரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அவரின் ஒழுங்கில் கதவு திறந்தால்தான் மின் ஓடி மணி அடிக்கும். அதில் வயரை வெட்டினால் மணி ஊமை. பிறகு வந்தவர்கள் அதை மறுவளமாக மாற்றிய வடிவம்தான் ஆச்சி வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது.

ஆகவே எங்கள் அபிப்பிராயம், வயரைப் பிடுங்காதீர்கள். மூளையை மட்டும் மாற்றுங்கள். பழைய வயர்களையே ஏற்றுக்கொள்ளும் புதுப் பெட்டிகள் விற்கிறார்கள். ஒன்றை மட்டும் கேட்டுச் செய்யுங்கோ. பழைய வயர்களின் முடிவில் சின்ன ரெசிஸ்ரர் ஒன்று இருக்கும். புதுப் பெட்டி கேட்கிற அளவு அதுவாக இல்லாவிட்டால் ரெசிஸ்ரரையும் மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் பூட்டிவிட்டு “பழைய வயர் சரிவராது” என்று சொல்லிப் புதுச் சாமான் விற்கிற ஆக்களும் இருக்கிறார்கள்.

வைபை கமரா கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அது எதில் தொங்குகிறது என்று பாருங்கோ. கரண்டில், ரவுட்டரில், இன்ரநெற்றில். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை மறந்துவிட்டோமா? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுக்க இருண்டதாகச் சொன்னார்களே! அப்படியான நேரத்தில் லண்டன் மகனின் போனில் தெரிவது கறுப்புத் திரை மட்டும்தான். கமரா போடுவதானால் ரவுட்டருக்கும் கமராவுக்கும் சேர்த்துச் சின்ன யுபிஎஸ் ஒன்று போடுங்கோ. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கோ. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, ஆக்கள் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான். வயர் இல்லாத சென்சருக்கும் அவற்றின் பற்றரியை ஞாபகம் வைத்து மாற்ற ஆள் வேண்டும். எங்களுடையதுபோல தடித்த கல்லுச் சுவர் வீட்டில் அவற்றின் அலை ஒரு அறை தாண்டுவதே சில இடத்தில் கஷ்டம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பழைய அலாரங்கள் ரெலிபோன் லைனில்தான் ஆளைக் கூப்பிடும். பிரித்தானியாவில் அந்தச் செம்புக்கம்பிச் சேவையை 2027 ஜனவரி முடிவோடு நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் ஏரி அன்ட் ரி நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியபோது, மாற்றாமல் விட்ட அலாரங்கள் ஆளைக் கூப்பிட வழியில்லாமல் நின்றன. உங்கள் வீட்டுப் பெட்டி எதில் பேசுகிறது என்று இன்றைக்கே பாருங்கோ.

கமரா விசயத்தில் இன்னொன்று. இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் கிணற்றடியில் குளிக்கிற வீடுகள் எத்தனை? மதில் மூலையில் உயரத்தில் பூட்டுகிற கமரா உங்கள் படலையை மட்டுமா பார்க்கிறது? அயல் வீட்டுக் கிணற்றடியும் அதற்குள் விழுகிறது. அதை ரொறன்ரோவில் யாரோ போனில் பார்க்கலாம் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பகலிலும் கிணற்றைச் சுற்றிச் சாறத்தைக் கட்டி மறைக்கிறார்கள். அப்படிக் கமரா பூட்டிய வீட்டில் கள்ளன் வந்தால் அந்த அயல் எழும்பி வருமா? பூட்ட முன்னம் அயலவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கோ. அவர்களின் வளவு தெரிகிற பகுதியை மறைக்கிற வசதி இப்போது பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது.

இப்போது புதுப் பெட்டி பூட்டியாயிற்று. சிம் போட்டுப் பேசுவது. அலாரம் அடித்தால் ஆறு பேருக்குப் போன் போகும். வீட்டுக்காரர் அனுப்பிய பட்டியல் இப்படி: தான், மனைவி, கனடாத் தம்பி, கனடாத் தங்கச்சி, கொழும்பில் மச்சான், கடைசியாக நாங்கள். இந்த ஆறு பேரில், நாங்கள் புத்தளத்தில் நின்றால், குசினி யன்னலுக்கு வந்து சேரக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. லண்டனில் இருந்து அழுகிறதுக்கும் 119க்கு அடிக்கச் சொல்லுகிறதுக்கும் நாலு பேர் தேவையில்லை.

வீட்டை வீடாக வைத்திருப்பது பூட்டு அல்ல என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30இல் புலிகளின் உத்தரவில் எங்கள் பெற்றோர் இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகதெருவை விட்டு வெளிக்கிட்டார்கள். வாப்பா கதவைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டு போனார். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது திறப்பு இருந்தது, அது போடக் கதவுதான் இல்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துச் சனமும் வீடுகளைப் பூட்டிவிட்டுச் செம்மணிப் பக்கம் நடந்தது. ஆச்சியும் அந்தக் கதை சொல்லுவார். திரும்பி வந்தபோது நிலைக்கதவும் இல்லை, ஓடும் இல்லை. அயலில் ஆள் இல்லாத ஊரில் பூட்டுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

அதனால் பட்டியலை மாற்றினோம். முதல் இலக்கம் முன்வீட்டு முருங்கைக்காய் ஐயாவுடையது. இரண்டாவது பக்கத்து வளவு. மூன்றாவது நாங்கள். லண்டன் நாலாவது. வீட்டுக்காரருக்கு முதலில் மனம் நொந்ததுதான். “என்ரை அம்மா ரீச்சர், நான் நாலாவதோ?” என்று கேட்டார். “நீங்கள் எழும்பிச் சப்பாத்துப் போட முன்னம் அவர் படலையடியிலே நிற்பார்” என்றோம். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு ஓம் என்றார்.

ஐயாவைக் கேட்டபோது அவர் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது. “வாறன் ரீச்சர். ஆனா சாமத்திலை நான் தனிய வெளிக்கிட்டா, என்ரை மனிசியும் தனியத்தானே?” நியாயமான கேள்வி. அதனால் இரண்டு வீடு சேர்ந்துதான் வெளிக்கிடுவது, வளவுக்குள் இறங்காமல் ஒழுங்கையில் நின்று லைற் போட்டுச் சத்தம் வைப்பது, பொலிசுக்கு அடிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். கள்ளனைப் பிடிக்க ஒருவரும் போக வேண்டாம். அலாரத்தை நிற்பாட்டுகிற இலக்கம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். புதுப் பற்றரியில் மாற்றிய திகதியைத் தடித்த பேனையால் எழுதியிருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சைரனை ஒரு நிமிடம் அடித்துப் பார்க்கப் போகிறோம். ஒழுங்கையில் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், அது சோதனை. எந்த வீடு வரைக்கும் கேட்டது என்று ஆளனுப்பிச் சொல்லிவிடுங்கோ. அதற்குப் பிறகு கேட்கிறது எல்லாம் உண்மையான சத்தம்.