வாழ்க்கைத் துணை வந்து செல்ல எந்த விசா?

வெளிநாட்டைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொள்ளும் இந்தியக் குடிமக்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி எளிமையானதாகவே தோன்றும். கணவரோ மனைவியோ இங்கு வந்து தங்கிச் செல்ல எந்த விசாவைக் கேட்பது? சுற்றுலா விசாவா, நுழைவு விசாவா, ஓசிஐ அட்டையா? விண்ணப்பத்தில் உரிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலைதானே என்று நினைக்கலாம். ஆனால் அந்தக் கட்டங்கள் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. யாருக்கு எது திறக்கும் என்பதைத் திருமணம் தீர்மானிப்பதில்லை; துணைவரின் பாஸ்போர்ட்டே தீர்மானிக்கிறது.

துணைவர் அமெரிக்கரோ ஜெர்மானியரோ என்றால் பாதை ஓரளவு சீரானது. சில வாரங்கள் வந்து போக மின்னணுச் சுற்றுலா விசா போதும். நீண்ட நாள் தங்குவதென்றால், இந்தியக் குடிமக்களின் துணைவருக்கென உள்ள எக்ஸ் வகை நுழைவு விசாவே பொருத்தமானது. அதில் வந்து வேலைக்குச் செல்ல முடியாது என்பது ஒரு குறை. திருமணம் பதிவு செய்யப்பட்டு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் ஓசிஐ அட்டை கோரலாம். அது கைக்கு வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் வந்து போகலாம், பணியாற்றலாம், பதிவு அலுவலகத்தின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அதே 7ஏ பிரிவில்தான் வேறொரு நிபந்தனையும் இருக்கிறது. விண்ணப்பிப்பவரோ, அவரது பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டி ஆகியோரில் எவரேனுமோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது. லண்டனில் பிறந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்து, பாகிஸ்தான் மண்ணையே மிதித்திராத பெண்ணாக இருக்கலாம். கொள்ளுத் தாத்தா பிரிவினையின்போது கராச்சிக்குச் சென்றவர் என்பது மட்டுமே அவரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. (மனைவியை அழைத்து வர ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதித்த பிரிட்டிஷ் அரசு, பணத்தால் மனிதர்களைத் தரம் பிரித்தது. இங்கோ மூன்று தலைமுறை வம்சாவளி தோண்டப்படுகிறது.)

பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துணைவரின் நிலை இன்னும் கொடிது. மின்னணு விசா அவருக்கு இல்லை. உறவினரைக் காண வருவோருக்கான வருகை விசா, நாடு முழுவதற்கும் அல்ல, குறிப்பிட்ட சில ஊர்களுக்கு மட்டுமே. வந்ததும் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். கராச்சியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் 1994இல் மூடப்பட்டதால், சிந்து மாகாணத்தின் ஏழைக் குடும்பங்கள்கூட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இஸ்லாமாபாத்தையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. 2012 செப்டம்பரில் கையெழுத்தான இருதரப்பு ஒப்பந்தம் ஒரு நல்ல வழியைத் திறந்தது. எல்லை தாண்டி மணம் புரிந்தோரின் துணைவருக்கு, பலமுறை வந்து செல்லும் விசாவை இரண்டு ஆண்டுகள் வரை வழங்கலாம் என அது கூறியது. இரு அரசுகளுக்கும் இடையிலான உறவு கெடக் கெட, அந்த வழி ஏட்டளவில் சுருங்கியது.

எஞ்சியிருப்பது நீண்டகால விசா. இதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. இந்த விசாவுக்கு இந்தியாவுக்கு வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். ஆகவே மணமாகி வரும் பெண் குறுகியகால விசாவில் வந்து, விண்ணப்பித்துவிட்டு, தில்லியின் முடிவுக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் கையிலிருக்கும் விசாவின் காலம் முடிந்துவிடக்கூடும். அவர் தவறான விசாவைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். அரசு வகுத்த நடைமுறையே அவரைச் சட்டத்தின் விளிம்பில் நிறுத்துகிறது.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 உயிர்களைப் பறித்த பயங்கரவாதத் தாக்குதல் மன்னிக்க முடியாத குற்றம். அதைச் செய்தவர்களும் ஏவியவர்களும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துகள் இல்லை. ஆனால் ஒன்றிய அரசு அடுத்த இரு நாட்களுக்குள் செய்தது என்ன? பாகிஸ்தானியரின் விசாக்கள் ஏப்ரல் 27 முதல் செல்லாது என அறிவித்தது. மருத்துவ விசாவில் வந்த நோயாளிகளுக்குக்கூட 29ஆம் தேதி வரைதான் அவகாசம். நீண்டகால விசாக்களைப் பொறுத்தவரை, வெளியுறவு அமைச்சகத்தின் முதல் அறிவிப்பு பாகிஸ்தான் இந்துக்களுக்கு வழங்கப்பட்டவற்றை மட்டுமே குறிப்பிட்டு விலக்களித்தது. இங்கே பல ஆண்டுகளாகக் குடும்பம் நடத்திவந்த முஸ்லிம் பெண்கள் தங்கள் கதி என்னவென்று தெரியாமல் தவித்தனர். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை. அட்டாரியில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த தாய்மார்கள் தடுக்கப்பட்டனர். பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருந்த அவர்களது குழந்தைகள் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது.

தேசப் பாதுகாப்பு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆயுதம் ஏந்தி எல்லைக்குள் ஊடுருவுபவன் விசா கேட்டு வரிசையில் நிற்பதில்லை. தங்கும் வீடு, பொறுப்பேற்கும் உறவினர், செல்லும் ஊர் அனைத்தையும் எழுதிக் கொடுத்து, காவல் நிலையத்திலும் பதிந்துவிட்டு வாழும் மனைவிதான் இந்நாட்டில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் வெளிநாட்டவர். அவரை வெளியேற்றியதால் எந்த உளவுத்துறைத் தோல்வி சரி செய்யப்பட்டது? பஹல்காமில் பாதுகாப்பு ஏன் இல்லை என்ற கேள்வியிலிருந்து கவனத்தைத் திருப்பவே அது பயன்பட்டது.

இது முஸ்லிம்களின் பிரச்சனை மட்டுமே என்று சித்தரிப்பதும் பொய். சிந்து மாகாணத்தின் உமர்கோட், தார்பார்க்கர் பகுதிகளில் வாழும் சோதா ராஜபுத்திரர்கள் இந்துக்கள். தங்கள் குலத்துக்குள் மணம் செய்யும் வழக்கம் இல்லாததால், தலைமுறைகளாக ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். 2006இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தார் எக்ஸ்பிரஸ் அவர்களுக்குக் கல்யாண வண்டியாகவே இருந்தது. 2019 ஆகஸ்டில் அதுவும் சம்ஜௌதா எக்ஸ்பிரசும் நின்றன. 2025 ஏப்ரலில் அட்டாரி வாயில் மூடப்பட்டபோது அந்தச் சமூகத்தின் திருமணங்களும் தடைப்பட்டன.

நீண்டகால விசா விதியில் ஊறியிருக்கும் ஆணாதிக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அது இந்தியரை மணந்து இங்கே தங்கும் பாகிஸ்தான், வங்கதேச, ஆப்கானிஸ்தான் பெண்களைத்தான் குறிப்பிடுகிறது. இந்தியப் பெண்ணை மணந்த ஆணைப் பற்றிய பேச்சே இல்லை. பெண் என்றால் கணவன் வீட்டுக்குப் போக வேண்டியவள் என்ற மனுவாதப் பார்வை, உள்துறை அமைச்சகத்தின் விதியாக அமர்ந்திருக்கிறது. பாகிஸ்தானியரை மணந்த இந்தியப் பெண், கணவரை இழந்தோ மணவிலக்குப் பெற்றோ, அங்கே ஆதரிக்க ஆண் துணை இல்லாமல் திரும்பி வந்தால் மட்டுமே இவ்விதியின் கண்ணுக்குத் தெரிகிறார்.

காலனிய ஆட்சிக்காலச் சட்டங்களை நீக்குகிறோம் என்று கூறிக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தை 2025இல் ஒன்றிய அரசு நிறைவேற்றியது. நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பக் கோரிய எதிர்க்கட்சிகளின் குரல் ஏற்கப்படவில்லை. இந்தியக் குடிமகனோ குடிமகளோ தன் துணையுடன் சேர்ந்து வாழும் உரிமைக்கு அச்சட்டத்தில் இடமில்லை. மாறாக, ஒருவரை நாட்டுக்குள் அனுமதிப்பதா மறுப்பதா என்பதில் குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்கிறது.

2012 ஒப்பந்தத்தின் துணைவர் விசாவை மீட்டெடுக்க வேண்டும். நீண்டகால விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கக் காலவரம்பும் வேண்டும். ஓசிஐ தொடர்பான வம்சாவளித் தடையை நீக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். நீண்டகால விசா விதியில் ‘பெண்கள்’ என்றிருப்பதை ‘வாழ்க்கைத் துணைவர்’ என்று மாற்றுவதற்கு அதுகூடத் தேவையில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும்.