மூன்று நிமிஷக் கல்யாணம்

கல்யாணத்தைப் படம் பிடிப்பதில் இப்போது யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. நிச்சயதார்த்தம் தொடங்கிக் கட்டுச்சாதக் கூடை வரையில் வீடியோக்காரர்கள் எடுத்துத் தள்ளுகிறார்கள். நாலு மணி, ஐந்து மணி நேரப் படம் வீடு வந்து சேருகிறது. வந்த அன்று எல்லோரும் ஆவலாக உட்காருகிறோம். திரையில் முகூர்த்தம் வருவதற்குள் பாதிப் பேர் காப்பி சாப்பிட எழுந்து போய்விடுகிறார்கள். அப்புறம் பீரோவுக்குள் போனால் போனதுதான். உங்கள் வீட்டில் எப்படியோ, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதி கேளுங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கல்யாணப் பெண்கள் சிலர், மூன்று நிமிஷமே ஓடும் படத்துக்காகப் பழைய காலத்து ஹோம் மூவி காமிராவைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

வீட்டிலே ஸினிமா எடுக்கும் 8 மில்லிமீட்டர் காமிராவைக் கோடக் கம்பெனி 1932-ல் கொண்டு வந்தது. அதில் போடும் பிலிம் சுருள் 25 அடி நீளம், 16 மில்லிமீட்டர் அகலம். ஒரு பாதியில் எடுத்து முடித்ததும், நிழலில் வைத்துக் காமிராவைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட்டு மறு பாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு நெடுக இரண்டாக வெட்டி ஒட்டினால் 50 அடி; சுமார் நாலு நிமிஷம் ஓடும். ஞாபக மறதியாக மூன்றாம் முறையும் ஓட்டிவிட்டாலோ, நிச்சயதார்த்தத்தின் மேலேயே முகூர்த்தம் பதிந்துவிடும். மாப்பிள்ளையின் நெற்றியில் சீர்வரிசைத் தட்டு மிதக்கும்!

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1965-ல் ஸூப்பர் 8 வந்தது. 50 அடி பிலிமைப் பிளாஸ்டிக் டப்பியில் அடைத்துக் கொடுத்தார்கள். டப்பியைச் செருகிப் பித்தானை அழுத்த வேண்டியதுதான். விநாடிக்கு 18 படம் வீதம் 3 நிமிஷம் 20 விநாடி ஓடும். இப்படிப்பட்ட டப்பிகளைக் கோடக் இன்றும் தயாரிக்கிறது. 2023 கடைசியில் புதுக் காமிராவே விற்பனைக்கு விட்டது. விலை 5,495 டாலர்! அதனால்தான் அநேகம் பேர் பழைய காமிராவையே நாடுகிறார்கள்.

பழைய காமிராவுக்கு உபசாரம் அதிகம். 8 மில்லிமீட்டர் காமிராக்களில் பலவற்றுக்குப் பாட்டரி கிடையாது. கடிகாரம்போல் சாவி கொடுக்க வேண்டும். முழுதாக முடுக்கினாலும் ஓடுவது அரை நிமிஷத்துக்கு முன்பின்தான். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு மூச்சை இழுக்கும் சமயத்தில் ஸ்பிரிங் தீர்ந்துபோனால், "மாப்பிள்ளை, இன்னொரு தரம் கட்டுங்கள்" என்று கேட்க முடியுமா? எடுத்தது எப்படி விழுந்திருக்கிறது என்று பிலிமைக் கழுவி வரும்வரை தெரியாது. அநேகமாக ஒலியும் கிடையாது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பும், தவில்காரரின் கை பறக்கும். சத்தம் மட்டும் வராது.

இத்தனை தொல்லை எதற்கு என்கிறீர்களா? இந்தச் சிக்கனத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்று டப்பி வாங்கினால் பத்தே நிமிஷம். இரண்டு நாள் கல்யாணத்தில் எதை எடுப்பது, எதை விடுவது? யார் முகம் நமக்கு வேண்டும்? பிலிம் அளவோடு இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 1960-களில் எடுத்த கல்யாண ரீல் ஒன்று இருக்கிறது. சமீபத்தில் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் குடும்பத்தோடு பார்த்தார்கள். ஊஞ்சல், மாலை மாற்றல், தாலி எல்லாம் வந்தன. நடுவில் நாலே விநாடி, கொல்லைத் தாழ்வாரம். ஓர் அம்மாள் அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்குகிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். காமிராவைக் கண்டதும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

"யார் இது?" என்று இளசுகள் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு மட்டும் குரல் தழுதழுத்தது. "என் சித்தியடி! என்னை வளர்த்தவள்" என்றாள்.

சித்தி சிறு வயதிலேயே கணவனை இழந்தவள். அந்தக் கால வழக்கப்படி மணைப் பக்கம் அவளை வரவிடவில்லை. குடும்பப் போட்டோவிலும் அவள் நிற்கவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அவள் அகப்படமாட்டாள். ரீலில் மிச்சம் இருந்ததோ என்னவோ, படம் எடுத்தவர் கொல்லைப் பக்கம் திரும்பியதால் அந்தச் சிரிப்பு மிஞ்சியது.

ஆகவே, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தக் காமிராவோ கைப்பேசியோ எது இருந்தாலும் சரி, சில விஷயங்களைக் கவனியுங்கள். தாலி கட்டுவதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள், போதும். பாக்கியை மனிதர்களுக்குக் கொடுங்கள். கோலம் போடுகிறவள், பந்தியில் ஓடுகிறவர், பாட்டியின் கைவிரல்கள் என்று ஒவ்வொன்றையும் ஏழெட்டு விநாடி அசையாமல் எடுங்கள். ஆரத்தி சுற்றுவதுபோல் காமிராவைச் சுற்றாதீர்கள். கொல்லைப்புறத்தை மறக்கவே மறக்காதீர்கள்.

பழைய ரீல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிலிமுக்கு முதல் சத்துரு வெப்பமும் ஈரமும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மொட்டைமாடிக்குக் கீழே கொதிக்கும் பரணில் வைக்கலாமா? டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். ஆசை மிகுதியில் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டவும் வேண்டாம். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் கிழியும். நடுவில் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் படம் பொசுங்கிவிடும். விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுத்து ஒவ்வொரு படமாக ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் ரீலை எறிந்துவிடாதீர்கள். கோடாக்குரோம் பிலிமாக இருந்து, இருட்டிலும் குளுமையிலும் காப்பாற்றி வந்தால், அரக்குப் புடைவை இன்னும் பல காலம் அரக்காகவே இருக்கும்.

ஆனால் பிலிமைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. யார் யார் என்று சொல்ல ஆள் வேண்டுமே! அந்த வீட்டில் பாட்டி இருந்தாள், சித்தி கிடைத்தாள். இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்த்திருந்தால், யாரோ ஓர் அம்மாள் பூசணிக்காய் நறுக்குகிறாள் என்றுதான் இருந்திருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணைப் பாருங்கள். ரீல் அகப்பட்டால் படமாக்கிக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அவர்கள் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.