திராட்சை ஐஸும் நான்கு மணி நேரமும்



சென்ற மாதம் நம் மன்றக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். 'ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தாய்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். 'வீட்டில் திராட்சை ஐஸ் செய்தேன்' என்றேன். சுற்றி நின்றவர்கள் கொல்லெனச் சிரித்தார்கள். இருபது ரூபாயை நீட்டினால் தெருமுனைக் கடையில் குச்சி ஐஸ் கிடைக்குமே, இதற்கு ஒரு ஞாயிறா என்றார் ஒருவர். சிரித்தவர்களில் இருவர் சிரிப்போடு நிற்கவில்லை. வாதம் செய்தார்கள். அன்று என்னால் சரியாக மறுமொழி கூற இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பீன்யாவில், ஓர் இரும்புப் பட்டறைக்கு அடுத்த சந்தில், மூன்றாம் மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நானும் என் அண்ணனும் இருக்கிறோம். நான் நாள்தோறும் பீன்யாவில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, ஞானபாரதியில் இறங்கி வகுப்புக்கு வருகிறேன். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்கிறார். அவர் நிற்பதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். 1970களில் எழுந்த இத்தொழிற்பேட்டை, ஆயிரக்கணக்கான சிறு ஆலைகளும் பட்டறைகளும் கொண்டது. திருகாணி முதல் ஆயத்த ஆடை வரை இங்கே உருவாகாத பொருள் குறைவு. ஆனால் நிழல் தரும் மரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். பெங்களூர் குளுகுளு ஊர் என்று நம் ஊர்களில் இன்னும் சொல்கிறார்கள். 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 பாகை வெயில் அடித்தது. 2024 ஏப்ரலில் 38.5 பாகை. தகரத்தின் கீழே அது எத்தனை பாகையாகும் என்பதை அளக்கக் கருவி வேண்டியதில்லை; முதுகே போதும்.

அந்த 2024 கோடையில்தான் எனக்கு உறக்கம் கெட்டது. தேர்வு நெருங்கியது. படித்தது நெஞ்சில் நிற்கவில்லை. இரவெல்லாம் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே கிடப்பேன். விடிந்தால் தலை கல்லாகக் கனக்கும். ஒரு தாளில் தோற்றேன். அண்ணனிடம் சொல்ல அஞ்சிப் பத்து நாள் மறைத்தேன். கைப்பேசியோ விடாமல் எனக்கு அறிவுரை சொல்லிற்று: உன்னைப் பேணிக்கொள், உன்னை நேசி, மனத்தை ஒருமைப்படுத்து. இதற்குச் 'செல்ஃப் கேர்' என்று பெயராம். அறிவுரையின் அடியில் எப்போதும் ஒரு விலைப்பட்டியல் இருக்கும். நறுமண மெழுகுவத்தி ஒரு விலை, முகப்பூச்சு ஒரு விலை, மூச்சை எண்ணக் கற்றுத் தரும் செயலிக்கு மாதச் சந்தா. மூச்சை எண்ணவும் சந்தா கட்டவேண்டிய காலம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். ஆயினும் ஒரு மாதம் கட்டினேன் என்பதை மறைப்பானேன்!

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை மாலை. ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கடை கட்டும் நேரம். குலையிலிருந்து உதிர்ந்த கருந்திராட்சையைக் குவியலாகப் போட்டு, பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தார். கால்கள் தாமாக நின்றன. ஏனெனில் நான் கம்பத்துப் பிள்ளை. என் தாய் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலிக்குப் போனவர். நல்ல குலைகள் பெட்டியில் ஏறி வண்டியில் போய்விடும். உதிரிப் பழம் அம்மாவின் முந்தானையில் வீட்டுக்கு வரும். நான் பத்து வயது வரையில் திராட்சை என்றாலே உதிரிதான் என்று எண்ணியிருந்தவன்.

ஆனால் இது எங்கள் ஊர்ப் பன்னீர்த் திராட்சை அன்று. அதன் தோல் மெல்லியது. அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். பெங்களூரைச் சுற்றியும், நந்தி மலை அடிவாரத்திலும், சிக்கபள்ளாபூர்ப் பக்கமும் விளைவது 'பெங்களூர் நீலம்' என்னும் வகை. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2013இல், குறியீடு கிடைத்துவிட்டது. தோல் தடிப்பு, விதையுண்டு, உள்ளே வழவழவென்ற சதை. வாயிற் போட்டால் பாதியைத் துப்பவேண்டும். மேசையில் அழகாக வைத்து உண்ணும் பழமன்று. சாற்றுக்கும் மதுவுக்குமே பெரிதும் போகிறது. ஆனால் அதன் மணம் இருக்கிறதே, அறையில் ஒரு கிலோ இருந்தால் படிக்கட்டு வரை மணக்கும். இந்நகரத்தார் 'ஹாப்காம்ஸ்' என்று அறியும் பழ, காய்கறிக் கூட்டுறவுக் கடைகள், மரிகௌடா அவர்களின் முயற்சியால் 1959இல் தொடங்கியபோது, திராட்சை பயிரிடுவோர் சங்கமாகத்தான் தொடங்கின. திராட்சைக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு அத்தகையது.

இரண்டு கிலோ உதிரி வாங்கினேன். மறுநாள் ஞாயிறு. செய்முறையைச் சொல்கிறேன், கைப்பக்குவம் ஏதும் வேண்டா.

ஒரு கிலோ பழத்தை நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, கால் தம்ளர் நீர் விட்டு, மூடிவைத்துச் சிறு தீயில் வேகவிடவேண்டும். பத்து நிமிடத்தில் தோல் வெடித்து, நிறம் முழுதும் நீரில் இறங்கிவிடும். கரண்டியால் மசித்து வடிகட்டியில் இட்டுத் தேய்த்தால், விதையும் தோலும் மேலே நிற்கும். கீழே இறங்கும் சாறு நாவற்பழ நிறத்தில் இருக்கும். சூடு ஆறுமுன் சர்க்கரையும், ஒரு சிட்டிகை உப்பும், ஆறியபின் அரை எலுமிச்சம்பழச் சாறும் சேர்க்கவேண்டும். சர்க்கரை எவ்வளவு? நான் அரைத் தம்ளர் போடுகிறேன். நாவில் வைத்துப் பார்த்தால் சற்றே தித்திப்பு மிகுதி என்று தோன்றவேண்டும். குளிர்ந்தபின் நாக்கு தித்திப்பைக் குறைவாகவே உணரும். அகன்ற எவர்சில்வர் தட்டில் விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் வைக்கவேண்டும்.

இனித்தான் வேலை. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தால், ஓரத்தில் மட்டும் பனி கட்டியிருக்கும். நடுவில் நீராக இருக்கும். முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவில் தள்ளவேண்டும். மறுபடி வைக்கவேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இப்படியே. மொத்தம் நான்கு மணி நேரம்.

ஏன் சுரண்டவேண்டும்? சாறு உறையும்போது அதிலுள்ள தண்ணீர்தான் முதலிற் பளிங்காகிறது. சர்க்கரையைப் பளிங்கு உள்ளே விடுவதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. ஆதலின் எஞ்சிய சாறு மேலும் மேலும் பாகாகிறது. பாகு உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இதை இப்படியே விட்டால் பெரிய பெரிய பளிங்குகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பாறையாகிவிடும். உறிஞ்சினால் நிறமற்ற கட்டி வாயில் நிற்கும். சிறு வயதில் குச்சி ஐஸை உறிஞ்சி வெள்ளைக் குச்சியாக்கினோமே, அது இதனால்தான். அரை மணிக்கு ஒருமுறை சுரண்டினால் பளிங்கு பெருக்க இடமில்லை. மணல்போல், தூவானம்போல் உதிர்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவில் இதற்குக் 'கிரானிட்டா' என்று பெயரிட்டுக் காலை உணவாகவே உண்கிறார்கள். நாம் திராட்சை ஐஸ் என்போம், போதும்.

முதன்முறை நான் பொறுமையின்றி, இரண்டு முறை சுரண்டிவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் தட்டு முழுவதும் ஒரே பலகை. சுத்தியல் கேட்டது. இரண்டாம் முறை கைப்பேசியை அண்ணனின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அரை மணி நேரம் என்பது எவ்வளவு என்று அன்றுதான் அறிந்தேன். ஒரு பாடத்தின் ஆறு பக்கம். துணி ஒரு வாளி. அல்லது சன்னலோரம் நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓயும் அந்தப் பட்டறையின் மௌனத்தைக் கேட்பது. மூச்சை எண்ணச் சொன்ன செயலி செய்யாததை முள்கரண்டி செய்தது. கை சுரண்டும்போது மனம் வேறெங்கும் போகவில்லை. போனால் தட்டு சரிந்து சாறு சட்டையில் கொட்டும். அன்று இரவு உறங்கினேன். ஐஸால் உறங்கினேன் என்று மருத்துவர்போல் சொல்லமாட்டேன். நான்கு மணி நேரம் நான் யாருக்கும் விற்கப்படாமல் இருந்தேன் என்று மட்டும் சொல்வேன்.

இங்கேதான் நம் நண்பரின் வாதம் குறுக்கிடுகிறது. அவர் சினந்து சொன்னார்: 'பீன்யாத் தொழிலாளி பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். நீ அவன் தம்பி. நேரத்துக்காகப் போராடவேண்டியவன் ஐஸ் கிண்டிக்கொண்டிருக்கிறாய். மனத்தைச் சாந்தப்படுத்திக்கொள் என்பது முதலாளி சொல்லும் மந்திரமல்லவா?'

அவர் சினம் நேர்மையானது. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது. ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் அத்தகைய சட்ட முன்வரைவு நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதற்குச் சரியாக நூறாண்டு கழித்து நடந்த செய்தி அது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அண்ணன் காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு மேல் வருகிறார். சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடியே அவர் உறங்கியதைக் கண்டிருக்கிறேன்.

ஆயினும் நண்பருக்கு ஒன்று கேட்பேன். எட்டு மணி நேர இயக்கம் கேட்டது என்ன? இராபர்ட் ஓவன் 1817இல் நாளை மூன்றாகப் பகுத்தார். எட்டு உழைப்புக்கு, எட்டு உறக்கத்துக்கு, நடுவில் இன்னோர் எட்டு உண்டே, அது எதற்கு? மனிதன் தன் விருப்பப்படி வாழ்வதற்கு. அந்த எட்டு மணியில் என்ன செய்வது என்றே மறந்துபோன ஒருவன், அதைப் பறித்துக்கொண்டாலும் பறிபோனதை உணரமாட்டான். கைப்பேசிக்கு விற்றுவிட்டதை ஆலை முதலாளி எடுத்துக்கொண்டால் என்ன என்றிருப்பான். என் நான்கு மணி நேரத்தின் சுவையை அறிந்தபிறகுதான் அண்ணனிடமிருந்து எடுக்கப்படுவது எது என்று எனக்குத் தெரிந்தது. சாந்தமாகவில்லை நண்பரே, சினம் கூடிற்று.

ஆனால் தோழி ஒருவர் சொன்னதற்கு என்னிடம் இவ்வளவு எளிய விடையில்லை. அவர் குரலை உயர்த்தவேயில்லை. 'நீங்கள் வாரம் ஒருநாள் அடுப்பருகே நின்றால் அது தியானம். எங்கள் வீட்டில் நாங்கள் நாள்தோறும் நிற்கிறோம், அதற்கு என்ன பெயர்?' என்றார்.

அன்று வாயடைத்துப்போனேன். எண்ணிப் பார்த்தால், என் தாய்க்கு யாரும் உன்னைப் பேணிக்கொள் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால், 'எதைக் கொண்டு?' என்று கேட்டிருப்பார். ஆகவே என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். சமையல் ஓய்வன்று. தானே விரும்பி எடுத்த வேலை, தனக்கென்று ஒதுக்கிய நேரம், முடிவில் தன் வாய்க்கும் ஒரு பங்கு: இம்மூன்றும் சேர்ந்தால் எதுவும் ஓய்வாகலாம். இவை இல்லையேல் திராட்சை ஐஸும் ஊதியமில்லாக் கூலி வேலைதான். தோழியர் இதைச் செய்யவேண்டும் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் செய்து, தோழியர் சன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம். தட்டைக் கழுவுவதும் அவர்களே. (கழுவாமல் விட்டால் திராட்சைக் கறை துணியைவிட்டுப் போகாது, இது பட்டறிவு.)

பங்குனியில் அம்மா எங்களைப் பார்க்க வந்தார். பேருந்தில் இரவெல்லாம் வந்து, வந்ததும் துடைப்பத்தைத் தேடினார். துடைப்பத்தை அண்ணன் ஒளித்து வைத்துவிட்டார். நாற்காலி ஒன்றுதான், அதில் அவரை உட்காரவைத்தோம். நான் சுரண்டினேன். அரை மணிக்கு ஒருமுறை அம்மா எழுந்து வந்து, 'குடு தம்பி, நான் கிண்டுறேன்' என்பார். அண்ணன், 'உக்காரும்மா' என்பார். மூன்றாம் முறைக்குப்பின் எழவில்லை. நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். மாலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தோம். ஒரு கரண்டி உண்டார். பேசாமல் இன்னொன்று. 'இது உதிரியா, குலையா?' என்று கேட்டார். அன்று நான் குலையாகவே வாங்கியிருந்தேன். சொன்னேன். 'எதுக்குடா வீண் செலவு? இதுக்கு உதிரியே போதுமே' என்றார். சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார்.

அண்ணனுக்கு ஆசை பெருகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஷிப்டு இல்லையென்றால் பலாப்பழத்தில் செய்துபார்க்கலாமா என்றார். பலாவில் தித்திப்பு மிகுதி, எளிதில் உறையாது, நீர் நிறையக் கலக்கவேண்டும், கலந்தால் மணம் போகும் என்று நான் பாடம் நடத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தோளில் ஒரு பலாப்பழத்தோடு மாடியேறி வந்தார்.