தரிசு அல்ல, புல்வெளி

பெங்களூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ளது ஹெசரகட்டா. அங்குள்ள ஏரியையும் சுற்றியுள்ள புல்வெளியையும் பாதுகாக்கும் யோசனையை 2021-ல் தள்ளிவிட்ட மாநில வனவிலங்கு வாரியம், 2024 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. பரப்பு 5,678 ஏக்கர். தாமதமானாலும் வரவேற்க வேண்டிய முடிவு.

மரமில்லாத நிலத்தைக் கண்டால் ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று நினைப்பது அதிகாரிகளுக்கும் நமக்கும் பொதுவான வியாதி. அங்கே சினிமா நகரம் அமைக்கலாம் என்றார்கள். தைலமரம் நடலாம் என்பாரும் உண்டு. மரம் நடுவது புண்ணியம்தான். எல்லா இடத்திலும் அல்ல. வானம்பாடி கூடு கட்டுவது தரையில், புல்லின் மறைவில். குளிர்காலத்தில் வடக்கே வெகு தொலைவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இராத்தங்குவதும் புல்தரையில்தான். தோப்பாகிவிட்டால் புல் போகும். புல்லோடு இவையும் போகும்.

தண்ணீர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அர்க்காவதி ஆற்றில் 1894-ல் அமைந்த இந்த ஏரியிலிருந்துதான் பெங்களூருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தது. அந்த அர்க்காவதி காவிரியில் கலக்கிறது; காவிரி மேட்டூருக்குப் போகிறது. சேலத்துக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்மவர்களுக்கு லால்பாக், இல்லையேல் சினிமா. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு ஞாயிறன்று விடியற்காலையில் பிள்ளைகளை ஹெசரகட்டாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பஸ் இருக்கிறது. புளிச்சாதப் பொட்டலமும் தண்ணீரும் போதும். ஒற்றையடிப் பாதையிலேயே நடக்க வேண்டும். பக்கத்து அரசுப் பண்ணைகளுக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. பாட்டுச் சத்தம் வேண்டாம். சாப்பிட்ட இலையும் காகிதமும் திரும்ப உங்கள் பையிலேயே வரட்டும். புல்லின் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வாலிபர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். சக்கரத்தின் கீழ் முட்டை இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

மேய்ச்சல் நின்றுவிடுமோ என்று சுற்றுப்புறக் கிராமத்தார் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் இவ்வகைப் பாதுகாப்பில் உள்ளூராரின் உரிமை பறிபோவதில்லை என்பதே சட்டம். அளவான மேய்ச்சல் புல்வெளிக்கு நல்லதும்கூட. இதை அரசு ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்ல வேண்டும். வண்டிகள் புல்லில் இறங்காதபடி தடுப்புகள் போட்டு, காவலுக்கு அந்தக் கிராமத்து இளைஞர்களையே சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும்.